கையை மோந்து பார்க்கிற அக்கா

அவருடைய கொட்டகைக்குள் போக வேண்டுமென்றால் முதலில் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். நீட்டியதும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். வந்தவர் கார் சொந்தக்காரரா, கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரா, வழி கேட்க வந்தவரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"வடை துன்னியா? பேப்பர்ல தொடச்சிக்கினு வந்துட்டா எண்ணெ போயிடுமா? போப்பா, டிரம்முல தண்ணி இருக்குது, சோப்பு இருக்குது. கழுவிக்கினு வா."

நான் முதல் முறை போனபோது தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வாரிக்கொண்டு போயிருந்தேன். என் கையை மோந்தவர் மூக்கைச் சுளித்துவிட்டு டிரம் இருக்கிற பக்கம் கையைக் காட்டினார். நான் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம் பார்க்கிறவன். என்னைத் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும்? முகம் சிவக்கப் போய்க் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடியும் மோந்து பார்த்தார்.

"எண்ணெ இல்ல. போங்க, தொடுங்க."

இந்த வார்த்தையை அதற்கப்புறம் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

ஃபைபர் உடம்பு வைத்த பழைய கார்களில் பெயிண்ட் உரிப்பதுதான் அவருடைய வேலை. பக்கத்து ஊரான முசரவாக்கத்திலிருந்து மொபெட்டில் வருவார். ஒரு காலத்தில் தண்ணீர்த் தொட்டியும் பஸ் சீட்டும் செய்கிற ஃபைபர் கம்பெனியில் இருந்தவர். அப்புறம் சென்னையில் ஒரு கார் பட்டறை. அங்கிருந்து சின்னக் காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவின் பின்சந்து முடிகிற இடத்தில், தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்துவிட்டார். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, மணிக்கட்டில் ரப்பர் பேண்டு, முழங்கை வரைக்கும் டால்கம் பவுடர். ஃபைபர் தூள் தோலுக்குள் இறங்கினால் நாளெல்லாம் அரிக்கும், அதற்காகப் பவுடர். வயசு ஐம்பது இருக்கலாம். ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன்.

அக்காவுக்கு யார் மேலேயும் நம்பிக்கை கிடையாது. டீக்கடைப் பையன் தூக்கில் டீ கொண்டுவந்தால் அவர் கண் முன்னால்தான் ஊற்ற வேண்டும். புதுப் பெயிண்ட் டப்பாவின் மேல் என்ன எழுதியிருந்தாலும் திறந்து குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்த பிறகுதான் கடைக்காரரைப் போகச் சொல்வார். "ஒரே கோட்டுதான் அடிச்சிருக்கோம்" என்று வண்டிக்காரர் சொன்னால் அதைக் காதிலேயே வாங்க மாட்டார். கதவின் ஓரத்தில் பிளேடு முனையால் ஒரு நெல்லளவு சுரண்டி, குனிந்து பார்த்து, "ஏன் சார் பொய் சொல்றீங்க?" என்று கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு விற்றவன் சொன்னதைச் சொன்னார் என்றால், "அப்ப அவன் பொய் சொல்லிக்கிறான். நீங்க நம்பிக்கிறீங்க. ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்.

அந்தக் கொட்டகைக்கு எங்கள் கார் போனதே ஒரு கூத்து.

அப்பாவிடம் ஒரு ஃபைபர் கார் இருந்தது. இரண்டே கதவு. தெருப் பிள்ளைகள் அதைச் சோப்பு டப்பா என்பார்கள். அப்பா பாடசாலையில் பிரபந்தம் சொல்லிக்கொடுத்தவர். கோயிலில் பாசுரம் சேவிக்கிற கோஷ்டியில் முன்வரிசை. அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு ஒரு ஆசையும் கிடையாது, இந்தக் காரைத் தவிர. வாங்கும்போது பாதாம் பால் நிறம். நடுவில் சித்தப்பா கொஞ்ச நாள் ஓட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், கேட்காமல் கொள்ளாமல் மெரூன் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. தம்பியிடம் ஒன்றும் கேட்கவும் இல்லை. அப்புறம் வண்டி ஓடாமல் போய், வாசல் ஓரத்தில் உறை போட்டு நின்றுவிட்டது.

அப்பாவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. முதலில் சாவி, கண்ணாடி. அப்புறம் என் பெயர். என்னைப் பார்த்து, "நீ யாராத்துப் பிள்ளை?" என்று கேட்ட அன்று நான் மாடிக்குப் போய் அழுதேன். ஆனால் கார் நம்பரைக் கேட்டால் தடுக்காமல் சொல்வார். நிறத்தைக் கேட்டால், "பாதாம் பால்" என்பார். அம்மா இதை வெளியே சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கோஷ்டியில் நின்று அடி பிசகாமல் சேவித்தவரை ஊர் பாவம் பார்க்கக் கூடாது. அதுதான் அவள் கவலை. சித்தப்பாவுக்குக் கூடத் தெரியாது. கேட்டால், "மூட்டு வலி, ரெஸ்ட் எடுத்துக்கறார்" என்பாள்.

பழைய நிறத்தைப் பார்த்தாலாவது அப்பாவுக்கு ஏதாவது திரும்பி வருமோ என்ற நப்பாசையில்தான் நான் வண்டியை அக்காவிடம் விட்டேன்.

"ஏண்டா, ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?" என்றார் சித்தப்பா. "ஒரு பொம்மனாட்டி, அதுவும் எங்கேயிருந்து வந்தவளோ. மெட்ராஸ்ல எவனோட வண்டியையோ ஆசிட் ஊத்திக் கெடுத்துட்டுத்தான் இங்க ஓடி வந்திருக்காளாம். பானெட்டை மாத்தி வித்துட்டா உனக்குத் தெரியுமா?"

அம்மா அவ்வளவு பேசவில்லை. "தினம் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வா" என்றாள், அவ்வளவுதான். எனக்கும் கொஞ்சம் சந்தேகப் புத்தி உண்டு. சும்மா சொல்வானேன், நான் வேவு பார்க்கத்தான் போனேன்.

அக்கா அதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். நல்லாப் பாருங்க. நீங்க பாக்கறது எனக்கும் நல்லதுதான். நாளைக்கு என்ன ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

அங்கே உட்கார்ந்துதான் அந்த வேலையை நான் பார்த்தேன். இரும்புக் காருக்குப் பெயிண்ட் உரிக்க மருந்து இருக்கிறது. தடவிவிட்டால் பெயிண்ட் வெந்து சுருண்டு வந்துவிடும். ஃபைபருக்கு அது ஆகாது. "பெயிண்டத் துன்ற மருந்து இவனையும் துன்னுடும்" என்பார். பிளேடைப் படுக்கவைத்து மெல்ல மெல்லச் சீவுவார். அப்புறம் கட்டையில் உப்புக் காகிதம் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். ஃபைபருக்கு மேலே மெல்லிசாக ஒரு தோல் உண்டாம். அதோடு நிற்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் உள்ளே இருக்கிற கண்ணாடி நூல் கிளம்பிவிடும். மெரூன் போய், அடியில் சாம்பல் நிறப் பூச்சு போய், அதற்கும் அடியில் பாதாம் பால் தெரிந்தபோது நான் ஸ்டூலை விட்டு எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். அக்கா கதவின் உள்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எதையும் உரிக்காமல் அப்படியே விட்டு வைத்தார். அதற்குச் சாட்சி என்று பெயர். நாளைக்கு யாராவது, வண்டி முதலிலேயே நன்றாகத்தான் இருந்தது, நீதான் கெடுத்தாய் என்றால் காட்டுவதற்கு.

"ஏங்க்கா இப்படி எல்லாரையும் சந்தேகப்படறீங்க?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "மெட்ராஸ் பட்டறைல ஒரு பெரிய வூட்டு வண்டி வந்துச்சு. அதோட டிரைவரு, வேலை சீக்கிரம் முடியட்டும்னு எனக்குத் தெரியாம மருந்த வாங்கியாந்து கதவுல தடவிட்டான். கதவு களி மாதிரி ஆயிடுச்சு. ஓனரு வந்து யாருன்னு கேட்டா, என் மூஞ்சிக்கு நேரா இந்தப் பொம்பளதான்னு சொல்றான். அவனுக்கு அன்னிக்கு மத்தியானம் என் சோத்துல பாதி குடுத்திருந்தேன் சார்." கட்டையைத் தண்ணீரில் அலசினார். "இந்த ஊர்ல இன்னொரு வண்டி என் கைல கெட்டுச்சுன்னா அவ்ளோதான். அப்புறம் என்ன நம்பி ஒரு பக்கெட்டு கூட எவனும் குடுக்கமாட்டான். என் பேரு ஒண்ணுதான் இங்க என்னோட முதலு."

சித்தப்பா சொன்ன ஆசிட் கதை எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. நான் போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு நெசவுக்காரர். காலையில் தறிக்குப் போகிற பட்டு நூலைச் சந்தில் பாவாக நீட்டிக் கட்டுவார்கள். அந்த நேரத்தில் அக்கா காகிதம் போட்டுத் தேய்க்க மாட்டார். தூள் போய்ப் பட்டில் உட்கார்ந்துவிடும் என்று நெசவுக்காரருக்குப் பயம், உட்கார்ந்தது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று அக்காவுக்குப் பயம். பாவைச் சுருட்டிக்கொண்டு போன பிறகு, நெசவுக்காரரைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ, இப்பதான் ஆரம்பிக்கிறேன்" என்று காட்டிவிட்டுத்தான் தண்ணீரையே தொடுவார்.

பானெட்டுக்குப் பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடிப்பூச்சு, அடிக்கிற நாள் வந்தது. ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. சித்தப்பாவும் வந்திருந்தார், வேடிக்கை பார்க்க இல்லை, குற்றம் பார்க்க. கையை நீட்டச் சொன்னதற்கு, "நான் எதையும் தொடப் போறதில்லை" என்று வாசலிலேயே நின்றுகொண்டார்.

அக்கா தின்னரில் நனைத்த துணியால் பானெட்டைத் துடைத்தார். கம்ப்ரசர் ஓடியது. வெள்ளையாகப் பிரைமர் படிந்துகொண்டே வந்தது. பார்க்க அத்தனை அழகு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பிரைமர் நிற்காமல் விலகியது. பொட்டுப் பொட்டாகக் குழி. ஒன்று, பத்து, அப்புறம் கொத்தாக. என் கண் முன்னாலேயே அந்தக் குழிகள் ஒன்றுசேர்ந்து ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு கை எழுந்து வந்தது.

"பாத்தியா, பாத்தியா! நான்தான் சொன்னேனே, ஆசிட்!" என்றார் சித்தப்பா.

அக்கா கம்ப்ரசரை நிறுத்தினார். குனிந்து அந்தக் கையை விரல் விரலாகப் பார்த்தார். பிரைமர் தூசி படிந்த முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. "ஆசிட்டுக்கு விரல் இருக்குதா சார்?" என்று கேட்டார். "இது எண்ணெ. எண்ணெக் கையால யாரோ தொட்டுக்கிறாங்க. துடச்சா போகல, உள்ள ஊறிடுச்சு." அப்புறம் எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு அப்பவே தெரியும். காலைல வந்தப்ப மேல மூடின துணியோட சொருகல் மாறியிருந்துச்சு. கொட்டாய்க்குக் கதவு கிடையாது, ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிருக்கறப்ப எவனோ வந்துக்கிறான்."

செய்தித்தாளைக் குழிகளுக்கு மேலே பிடித்து அந்தக் கையைப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்தார். சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்திருந்தது. முதலில் நெசவுக்காரரைக் கூப்பிட்டார். அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். "நான் எதுக்கும்மா தொடப் போறேன்? எனக்குப் பாவத் தொடவே நேரம் இல்ல." அவர் விரல்கள் குட்டை. பொருந்தவில்லை. அடுத்தது நான்.

என் கை கச்சிதமாக உட்கார்ந்தது. வளைந்த சுண்டுவிரல் உட்பட.

"சார்," என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "நீங்களா?"

எனக்கு வந்த கோபம்! "என்னக்கா பேசறீங்க? என் வண்டியை நானே கெடுப்பேனா?" என்று கத்தினேன். "அந்த டிரைவரும் நல்லவன்தான் சார்" என்றார். நான் திரும்பி, "சித்தப்பா, நீங்க வைங்கோ" என்றேன். எங்கள் குடும்பத்துச் சுண்டுவிரல் அது, அவருக்கும் உண்டு. சித்தப்பா இரண்டு கைகளையும் அங்கவஸ்திரத்துக்குள் இழுத்துக்கொண்டார். "நான் என்ன திருடனா? கைநாட்டு வைக்கச் சொல்றேளா?" என்று விறுவிறுவென்று போய்விட்டார். கையை வைத்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு சந்தேகம் வந்திருக்காது. மெரூன் அடித்த ஆள்தானே, மெரூன் போவது பொறுக்கவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு முழுக்க ஆசிட் கதை பரவிவிட்டது. உரிக்கக் கொடுத்திருந்த இன்னொரு வண்டியை அதன் சொந்தக்காரர் மறுநாளே தள்ளிக்கொண்டு போனார். அக்கா தடுக்கவில்லை. கதவைத் திறந்து சாட்சியை மட்டும் காட்டி அனுப்பினார்.

மறுபடியும் பானெட்டைத் தேய்க்க ஆரம்பித்தார். பிரைமர் போய் அந்தக் கை இருந்த இடம் வந்ததும் குனிந்து மோந்தார். எழுந்து என்னிடம் வந்து, "இது தேங்கெண்ணெ இல்ல. சமையல் எண்ணெயும் இல்ல. மருந்தெண்ணெ" என்றார்.

தினமும் காலையில் அம்மா வீட்டில் தைலம் காய்ச்சி அப்பாவின் விரல் மூட்டுகளில் தேய்த்துவிடுகிற வாசனை எனக்குத் தெரியாதா? ஆனால் அப்பா வெளியே போவதே இல்லையே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பெருமாளைச் சேவிக்கப் போவாள், நான் ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப் போவேன், அப்பா தூங்குவார். தூங்குகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தெருவைக் கடந்துதான் அந்தச் சந்துக்குப் போக வேண்டும், தெருவில் ஜல்லி லாரி போகும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குச் செய்த சத்தியம் போகட்டும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "கண்ணால பாக்கறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு நான் கிளாசுக்குப் போகவில்லை. அவர் சர்ச்சுக்குப் போகவில்லை. கம்ப்ரசருக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறுகிற நேரத்தில் அப்பா வந்தார். செருப்பு இல்லை. வேட்டியைத் தட்டுச்சுற்றாகக் கட்டிக்கொண்டு, வழி கேட்காமல், தடுமாறாமல், நேராக. மூடின துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பானெட்டின் மேல் கையை வைத்தார்.

"என்னடா, மேல ஒண்ணுமில்லாம நிக்கறயே" என்றார் காரிடம். "குளிரலையோ?"

எனக்குக் கண்ணை மறைத்தது. அக்கா எழுந்து போனார். கத்தப் போகிறார் என்று பயந்தேன். பானெட்டிலிருந்து அப்பாவின் கையை எடுத்து மோந்தார்.

"பெரியவரே, இது என்ன எண்ணெ?"

"வலிக்குப் போட்டுக்கறது. நீ யாரும்மா?"

"பெயிண்டுக்காரி. இது யாரு வண்டி?"

"என்னுது."

"அப்படீன்னு எல்லாருந்தான் சொல்லுவாங்க. நம்பர் சொல்லுங்க."

அப்பா சொன்னார். அக்கா குனிந்து நம்பர் பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அப்பாவை டிரம்முக்குக் கூட்டிக்கொண்டு போய், சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, தன் முந்தானையால் துடைத்து, மறுபடியும் மோந்தார்.

"எண்ணெ இல்ல. போங்க, தொடுங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முதலில் என்னைத் திட்டினாள். அப்புறம் அழுதாள். கடைசியில், "அவ பேரு கெட்டுதுன்னு சொன்னியே, நெஜமா?" என்று கேட்டாள். நெஜம்தான் என்றேன். மறுநாள் காலை சந்தில் பாவு கட்டியிருக்கிற நேரம், நெசவுக்காரர்கள் எல்லாரும் நிற்கிற நேரம் பார்த்து, அம்மா சித்தப்பாவை வரச் சொல்லி அழைத்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள். அந்த இடத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆசிட்டும் இல்லை ஒண்ணும் இல்லை. வண்டியைத் தொட்டது உங்க அண்ணா" என்றாள் உரக்க. "அவருக்கு ஞாபகம் போயிண்டிருக்கு. நான்தான் மறைச்சு வெச்சேன். இனிமே இந்தப் பொண்ணைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசப்படாது."

சித்தப்பாவுக்கு அண்ணாவைப் பற்றித் தெரிந்ததே அப்போதுதான். அப்படியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் கிட்டே போனார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கையக் குடுங்க சார்" என்றார். சித்தப்பா இரண்டு கைகளையும் நீட்டினார்.

அதற்கப்புறம் வண்டி முடிகிற வரைக்கும் தினமும் நான் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு ஒரு நாள் கூட நம்பிக்கை வரவில்லை. இப்போதுதானே வீட்டில் கழுவிவிட்டோம் என்றாலும் கேட்க மாட்டார், மோந்துதான் பார்ப்பார். அப்பா வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பாதாம் பால் நிறம் ஏறின அன்று, காய்ந்தும் காயாத வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் பெயர் திரும்பி வரவில்லை. ஆனால் அக்காவைக் காட்டி, "இவ ரொம்பக் கண்டிப்பு" என்று என்னிடம் ரகசியம் சொன்னார்.

வீட்டிலும் அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவிடம் கையை நீட்டுவார். அம்மா மோந்து, "எண்ணெய் இல்லை, தொடுங்கோ" என்று சொன்னால்தான் சோற்றில் கை வைப்பார். அம்மா ஒரு வேளைகூடச் சலித்துக்கொண்டதில்லை. கடைசியில் பேச்சும் நின்றுபோனது. கை நீட்டுவது மட்டும் இருந்தது.

அப்பா போன அன்று, பெங்களூரிலிருந்து தங்கை வர வேண்டுமென்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கூடம் முழுக்க எங்கள் மனுஷர்கள். அதற்குள் அக்கா வேலைச் சட்டையோடும் பவுடர் கையோடும் வாசலில் வந்து நின்றார். இவள் எதற்கு இங்கே என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா அவர்களையும் சந்தேகமாகத்தான் பார்த்தார். உள்ளே வந்தவர் முதலில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, ஜில்லென்றிருக்கிறதா என்று தானே பார்த்துக்கொண்டார். பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"தெறங்க சார்" என்றார் என்னிடம்.

"மடி..." என்று யாரோ ஆரம்பித்தார்கள். சித்தப்பாதான் முன்னால் வந்து மூடியைத் தூக்கிப் பிடித்தார்.

அக்கா அப்பாவின் வலது கையை எடுத்தார். விரல்களைப் பிரித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், வழக்கம்போல அவசரமில்லாமல் மோந்து பார்த்தார். இடது கையையும் பார்த்தார். இரண்டையும் பழையபடி நெஞ்சின் மேல் வைத்தார்.

"எண்ணெ இல்ல, பெரியவரே," என்றார். "போங்க."